‘டேக்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடியில், சாயங்காலம் ஆறரை மணிக்குப் பேச்சு ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருபவர்கள், நர்சிங் படிக்கும் பெண்கள், புதுச்சேரியில் ஹோட்டல் வேலைக்குப் போய்வரும் பையன்கள், பிள்ளைக்கு ஹோம்வொர்க் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வரும் அம்மாக்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். யார் வந்தாலும் முதல் மாதத்துக்குள் ‘டேக்’ (take) என்ற சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘டேக்’ என்றால் ‘எடு’. இதில் கேட்க என்ன இருக்கிறது, மிஸ்?

என் மாணவி ஒருவர் தன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே கொடுத்த படிவம் முழுக்க ஆங்கிலம். அதில் ‘ஆர் யு டேக்கிங் எனி மெடிசின்ஸ்?’ என்று ஒரு வரி. ‘மருந்து ஏதாவது எடுத்து வந்திருக்கிறீர்களா?’ என்று கேட்கிறார்கள் என நினைத்து, ‘நோ’ என்று எழுதிவிட்டார். அம்மாவோ பத்து வருஷமாகச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர். மாத்திரை டப்பா வீட்டு அலமாரியில் இருந்தது, கையில் இல்லை. அதனால் ‘நோ’. டாக்டர் வாய்விட்டுக் கேட்டதால் விஷயம் தெரிந்தது.

அந்தப் பெண் எம்.காம். படித்தவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஒன்றாம் வகுப்பில் ‘டேக் என்றால் எடு’ என்று மனப்பாடம் செய்தது அப்படியே மனதில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றைக்குத்தான் இந்தச் சொல்லுக்கு என் வகுப்பில் தனியாக ஒரு வாரம் ஒதுக்குவது என்று முடிவு செய்தேன்.

சரி, மொத்தம் எத்தனை அர்த்தம்? ஒரு எண்ணிக்கை சொல்லுங்கள்.

எண்ணுவது யார் என்பதைப் பொறுத்தது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட ஆங்கில அகராதியில் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் 134 பொருள் கொடுத்தார். ஐந்து பக்கம் போயிற்று. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு 430 பொருள். அதற்குப் பிறகு திருத்தி எழுதியபோது ‘ரன்’ என்ற வினை 645 பொருளோடு அதை முந்திவிட்டது. ஆக, ‘டேக்’ இந்தக் கூட்டத்தில் ஒரு பெரிய ஆள்தான், ஆனால் தனி ஆள் இல்லை.

இந்த எண்ணைக் கேட்டு யாரும் மலைக்க வேண்டாம். அன்றாடப் பேச்சுக்கு இருபது, இருபத்தைந்து போதும். அதிலும் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஏன் இப்படி ஒரே சொல்லில் இவ்வளவையும் அடைத்தார்கள்? வேறு சொல் இல்லையா?

யாரும் உட்கார்ந்து அடைக்கவில்லை. அடிக்கடி புழங்கும் சொல் தேய்ந்து வழுவழுப்பாகிவிடும், ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. அப்புறம் எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். ‘டேக் எ வாக்’ என்றால் நடப்பது, ‘டேக் எ லுக்’ என்றால் பார்ப்பது. வேலை எல்லாம் வாக், லுக் என்ற பக்கத்துச் சொல்லிடம் போய்விட்டது. ‘டேக்’ வெறுமனே தோள் கொடுத்து நிற்கிறது.

இந்தச் சொல்லின் பூர்வீகம்கூட இங்கிலாந்து கிடையாது. பழைய ஆங்கிலத்தில் ‘எடு’ என்பதற்கு இருந்த சொல் ‘நிமன்’. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘நேமென்’ என்றுதான் சொல்கிறார்கள். வைக்கிங்குகள் வடக்கிலிருந்து கப்பலில் வந்து இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்களுடைய ‘டாகா’ கூடவே வந்தது. தொடுதல், பிடித்தல் என்பது அதன் பொருள். வந்த சொல் மெல்ல மெல்ல உள்ளூர்ச் சொல்லை ஓரங்கட்டிவிட்டது. ‘தே’, ‘எக்’, ‘விண்டோ’, ‘நைஃப்’, ‘ஸ்கை’ எல்லாமே அதே வழியில் வந்தவைதான். பழைய ‘நிமன்’ முழுக்கச் சாகவில்லை. மரத்துப்போவதை ‘நம்ப்’ என்கிறோமே, அது அதன் மிச்சம். உணர்ச்சி ‘எடுக்கப்பட்டுவிட்ட’ கை, கால். பல் டாக்டர் ஊசி போட்டபின் ‘இஸ் இட் நம்ப்?’ என்று கேட்கும்போது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ‘எடு’ அங்கே நிற்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம்.

தமிழில் இந்தக் குழப்பம் கிடையாதே? நம் மொழியில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருக்கிறதே?

இந்தக் கேள்வியை மாதம் ஒருவராவது பெருமையோடு கேட்கிறார்கள். நான் பதில் சொல்லாமல் கரும்பலகையில் ‘எடு’ என்று எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வேன். போன முறை வந்தவை இவை. பசி எடுக்கிறது. வாந்தி எடுத்தான். தொண்ணூறு மார்க் எடுத்தாள். பாம்பு படம் எடுத்தது. அவர் சினிமாப் படம் எடுத்தார். காவடி எடுத்தோம். தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா? பண்ருட்டியில் பெண் எடுத்திருக்கிறார்கள். மெட்டு எடுத்தார். ஓட்டம் எடுத்தான். பிச்சை எடுத்தான். அவதாரம் எடுத்தார்.

அப்புறம் பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னார்: ‘எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?’

வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாகிவிட்டது. சாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி அது. யாரை, எதை, எங்கே என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. கேட்கிற எந்தத் தமிழருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. ஒரு வெள்ளைக்காரர் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எவ்வளவு பாடுபடுவார் என்று நினைத்துப் பாருங்கள். ‘போடு’ என்ற சொல்லைத் தொட்டால் இன்னும் பெரிய கதை: சட்டை, கோலம், சண்டை, கணக்கு, சாப்பாடு, மாத்திரை, குட்டி எல்லாவற்றையும் போடுகிறோம்.

பல அர்த்தம் உள்ள சொல்லைக் கையாளும் திறமை உங்களிடம் குழந்தைப் பருவத்திலிருந்தே இருக்கிறது. பசி எடுக்கிறது என்றால் பசியைக் கையால் எடுப்பதாக நீங்கள் நினைப்பதில்லை. பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்று காது பார்த்துக்கொள்கிறது. ‘டேக்’ வரும்போதும் அதே காதைத் தீட்டுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் நம் ‘எடு’ வரும் இடமெல்லாம் ‘டேக்’ போடலாமா?

கூடாது. இதுதான் பெரிய பள்ளம். போட்டோ எடு, எக்ஸ்ரே எடு, லீவு எடு, ரிஸ்க் எடு, அளவு எடு, குறிப்பு எடு: இவை நேராகப் பொருந்தும். மற்றவை காலை வாரிவிடும். மார்க்கை ‘டேக்’ செய்ய முடியாது, ‘கெட்’ அல்லது ‘ஸ்கோர்’. சினிமா எடுப்பது ‘மேக்’. பசி எடுப்பதற்கும் வாந்தி எடுப்பதற்கும் ‘டேக்’ கிட்டேயே வரக்கூடாது.

துணி எடுப்பதில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ‘ஐ டுக் எ சாரி ஃப்ரம் தட் ஷாப்’ என்று ஒரு மாணவி சொன்னார். ‘டேக்’கின் கடந்த கால வடிவம்தான் ‘டுக்’. நாம் கடைக்குப் போய் இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, விளிம்பைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஒன்றை ‘எடுக்கிறோம்’. காசு கொடுப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே அடக்கம். ஆங்கிலத்தில் அது அடக்கம் இல்லை. அந்த வாக்கியத்தைக் கேட்பவருக்கு, கடைக்காரருக்குத் தெரியாமல் தூக்கிக்கொண்டு வந்த மாதிரிதான் தோன்றும். ‘பாட்’ என்று சொல்லுங்கள், வாங்கினேன் என்று.

இதற்கு நம் ஊர் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் கெடிலம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த கோட்டையை, செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து கிழக்கிந்திய கம்பெனி 1690-இல் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் இருந்த ஊர்களும் அதில் சேர்த்தி. அதனால்தான் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதே கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலப் புத்தகத்தில் 1690-க்கு ‘பாட்’ என்று போட்டிருக்கும், 1758-க்கு ‘டுக்’ என்று போட்டிருக்கும். புடவையை எந்த வகையில் கொண்டு வந்தீர்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரலாற்றுப் பாடத்தில் வரும் ‘டுக்’ எல்லாம் ‘கைப்பற்றினார்’ என்ற பொருள்தானா?

கோட்டை, ஊர், துறைமுகம் என்று பின்னால் வந்தால் பெரும்பாலும் அதுதான். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை ‘டுக்’, 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியை ‘டுக்’. தமிழில் ‘பிடித்தார்கள்’ என்று எழுதினால் போதும்.

‘டேக் ஓவர்’ வேறு. பொறுப்பை இன்னொருவர் கையிலிருந்து ஏற்றுக்கொள்வது அது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரி நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்திய அரசின் கைக்கு வந்தது. அதற்கு ‘டேக் ஓவர்’ பொருந்தும். புது மேனேஜர் வந்து பொறுப்பேற்பதும் ‘டேக் ஓவர்’தான்.

மாத்திரை ‘போடுவது’ என்கிறோம். ‘புட் டேப்லெட்’ சரியா?

தவறு. ‘டேக்’ மட்டும்தான். நர்சிங் படிக்கும் பெண்கள் இதை இரண்டு முறை எழுதிப் பாருங்கள்: விழுங்குவது, குடிப்பது, உள்ளே இழுப்பது எல்லாமே மருந்து என்றால் ‘டேக்’. இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்பவருக்கும் ‘டேக்’. கண்ணில் விடும் சொட்டு மருந்துக்கு மட்டும் ‘யூஸ்’ என்றோ ‘புட் இன்’ என்றோ வரும்.

‘டேக் காபி’, ‘டேக் பாத்’, ‘டேக் ரெஸ்ட்’ என்று எல்லாரும் பேசுகிறார்களே?

நம் நாட்டு ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், புரியவும் செய்கிறது. வெளிநாட்டவர் காதுக்குக் கொஞ்சம் நெருடும். காபிக்கும் சாப்பாட்டுக்கும் ‘ஹேவ்’ சொல்லிப் பழகுங்கள். ஆனால் ‘டு யு டேக் ஷுகர்?’ என்பது அச்சு அசல் ஆங்கிலம். சர்க்கரை போட்டுக்கொள்ளும் பழக்கம் உண்டா என்று கேட்பது. புதுச்சேரி ஹோட்டலில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு இந்த ஒரு வாக்கியம் தினமும் உதவும். குளியலுக்கு ‘டேக் எ பாத்’, நடுவில் அந்த ‘எ’ முக்கியம். ரெஸ்ட் விஷயத்தில் ‘கெட் சம் ரெஸ்ட்’ என்றால் இயல்பாக இருக்கும்.

பஸ் பிடிப்பது ‘கேட்ச்’சா, ‘டேக்’கா?

இரண்டும் உண்டு, வித்தியாசம் இருக்கிறது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது, ஓடிப்போய்ப் படியில் கால் வைத்தீர்கள்; அது ‘கேட்ச்’. ‘புதுச்சேரிக்கு எப்படிப் போவீர்கள்?’ ‘பஸ்ஸில்’ என்பது ‘டேக்’. நேரத்துக்குள் எட்டிப் பிடிப்பது ஒன்று, பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று.

ஏறியாயிற்று. ஜன்னல் வழியாக யாரோ துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். ‘ஆள் வராங்க’ என்கிறார்கள். அதற்கு ஆங்கிலம்: ‘திஸ் ஸீட் இஸ் டேக்கன்’. இன்டர்வியூவில் ‘டேக் எ ஸீட்’ என்றால் உட்காருங்கள் என்று பொருள், நாற்காலியைத் தூக்கச் சொல்லவில்லை. பஸ் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? ‘ஹவ் லாங் டஸ் இட் டேக்?’ நம்முடைய ‘ஆகும்’ என்பதற்கு நேராக நிற்பது இந்த ‘டேக்’. ‘இட் டேக்ஸ் ஒன் அவர்’: ஒரு மணி நேரம் ஆகும். இதில் ‘எடு’ என்ற நினைப்பையே விட்டுவிடுங்கள்.

‘டேக்’, ‘பிரிங்’ இரண்டும் மாறிப்போகிறது. எப்படி நினைவில் வைப்பது?

கொண்டு போ, கொண்டு வா. அவ்வளவுதான். ‘போ’ என்றால் ‘டேக்’, ‘வா’ என்றால் ‘பிரிங்’. ஆட்களுக்கும் இதே: பாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப் போவது ‘டேக்’. தமிழில் பொருளைக் கொண்டு போகிறோம், மனிதரைக் கூட்டிப் போகிறோம் அல்லது அழைத்துப் போகிறோம். ஆங்கிலத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. பாட்டிக்கும் குடைக்கும் ஒரே ‘டேக்’.

‘ஐ காண்ட் டேக் இட்’ என்று படங்களில் அழுகிறார்களே, எதை எடுக்க முடியவில்லை?

‘தாங்க முடியல’ என்கிறார்கள். வலியை, அவமானத்தை, வெயிலைத் தாங்குவது. ‘இட் டேக்ஸ் கரேஜ்’ என்றால் அதற்குத் தைரியம் வேண்டும். ‘திஸ் ஹால் டேக்ஸ் த்ரீ ஹண்ட்ரட் பீப்பிள்’ என்றால் இந்த மண்டபம் முந்நூறு பேர் கொள்ளும்.

அந்தக் ‘கொள்ளும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். நம் மொழியில் ‘டேக்’குக்கு மிக நெருங்கிய சொந்தம் ‘எடு’ இல்லை, ‘கொள்’தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கொள்முதல் என்பதில் வாங்குவது, குடம் கொள்ளும் என்பதில் இடம் இருப்பது, பொறுத்துக்கொள் என்பதில் தாங்குவது, எடுத்துக்கொள் என்பதில் தனக்கென்று ஆக்கிக்கொள்வது. விருந்தாளியிடம் தட்டை நீட்டி ‘எடுங்கள்’ என்று சொல்வதில்லை, ‘எடுத்துக்கோங்க’ என்கிறோம். அந்தக் ‘கோங்க’வில் இருக்கும் அன்பும் உரிமையும் ஆங்கில ‘டேக்’குக்குள் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கிறது. ‘எடு’ என்று மட்டும் படித்தவருக்கு அது கிடைக்காது.

‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்பதற்கு ‘டோன்ட் டேக் இட் அதர்வைஸ்’ சரிதானே?

இந்தியாவுக்குள் சரி. வெளியே ‘டோன்ட் டேக் திஸ் த ராங் வே’ என்று சொல்லுங்கள். பாருங்கள், இங்கே ‘எடுத்துக்கொள்’ளும் ‘டேக்’கும் அப்படியே கைகோத்து நிற்கின்றன. ‘நீங்கள் வருவீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்’ என்பதும் அதே: ‘ஐ டேக் இட் யு ஆர் கமிங்’.

இந்த வகையில் இன்னும் இரண்டு. ‘வாட் டு யு டேக் மி ஃபார்?’ என்றால் ‘என்னை யாருன்னு நினைச்சே?’ ‘டோன்ட் டேக் மி ஃபார் கிரான்டட்’ என்றால் ‘என்னைக் கிள்ளுக்கீரையா நினைக்காதே’. வீட்டுத் தோட்டத்தில் எப்போது போனாலும் கிள்ளிக்கொள்ளலாம் என்று கிடக்கும் கீரைக்கு யாரும் மதிப்பு கொடுப்பதில்லை. ஆங்கிலச் சொற்றொடரை மூன்று வரியில் விளக்குவதைவிட, அந்தக் கீரையைக் காட்டினால் வகுப்பே ‘ஓ’ என்கிறது.

‘டேக் ஆஃப்’, ‘டேக் ஆஃப்டர்’, ‘டேக் இன்’ இதெல்லாம் மனப்பாடம்தானா?

‘ஆஃப்’, ‘அப்’, ‘டவுன்’ எல்லாவற்றுக்கும் திசை இருக்கிறது. அந்தத் திசையைப் பிடித்தால் பாதி விளங்கும். ‘ஆஃப்’ என்றால் விலகுதல். விமானம் தரையை விட்டு விலகுகிறது, சட்டை உடம்பை விட்டு விலகுகிறது, ஒருவர் சொல்லாமல் இடத்தைக் காலி செய்கிறார். மூன்றும் ‘டேக் ஆஃப்’. ‘டேக் டவுன்’ என்றால் கீழே இறக்கி வைப்பது. மாட்டியிருந்த படத்தை இறக்குவதும் அதுதான், காதில் விழுந்ததைக் காகிதத்தில் இறக்குவதும் அதுதான்.

சிலவற்றை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். ‘டேக் இன்’ என்றால் ஒன்றை உள்வாங்கிப் புரிந்துகொள்வது. ‘ஐ வாஸ் டேக்கன் இன்’ என்றால் ஏமாந்துபோனேன். ‘டேக் ஆஃப்டர்’ என்றால் சாயல். ‘ஹி டேக்ஸ் ஆஃப்டர் ஹிஸ் ஃபாதர்’ என்பதற்கு நம் பாட்டிகள் சொல்வது ‘அப்பனை உரிச்சு வெச்சிருக்கான்’. எது அழகு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘டேக்கன் அபேக்’ பற்றி ஒரு வார்த்தை. திடுக்கிட்டுப் போவது என்று பொருள். இது பாய்மரக் கப்பல் காலத்துச் சொல். காற்று திடீரென்று முன்பக்கமாக அடித்துப் பாயைக் கம்பத்தோடு அழுத்திவிட்டால், போய்க்கொண்டிருந்த கப்பல் அப்படியே தயங்கி நின்றுவிடும். அதற்குத்தான் முதலில் அந்தப் பெயர். முதுநகர்த் துறைமுகப் பக்கம் வளர்ந்த ஒரு மாணவருக்கு இதைச் சொன்னபோது, ‘எங்க தாத்தா பாய் கட்டுன கட்டுமரத்துல போனவர் மிஸ், அது எப்படி இருக்கும்னு சொல்லியிருக்கார்’ என்றார். அவர் அந்தச் சொல்லை மறக்கவே மாட்டார்.

முடிவை ‘டேக்’ செய்வதா, ‘மேக்’ செய்வதா?

அமெரிக்காவில் ‘மேக் எ டிசிஷன்’. இங்கிலாந்தில் இரண்டும் கேட்கலாம். இரண்டுமே தவறில்லை.

தேர்வு ‘எழுதுவது’? வகுப்பு ‘எடுப்பது’?

தேர்வுக்கு ‘டேக் அன் எக்ஸாம்’ அல்லது ‘சிட்’. ‘ரைட்’ என்பது நம் ஊர்ப் பழக்கம். வகுப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். ‘ஐ டேக் இங்கிலீஷ் கிளாஸஸ்’ என்று ஓர் அமெரிக்கரிடம் நான் சொன்னால், நான் படிக்கப் போகிறேன் என்று நினைப்பார். நான் ‘டீச்’ என்று சொல்ல வேண்டும். டியூஷன் எடுக்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

நான் பிரெஞ்சும் படிக்கிறேன். அதிலும் இப்படி உண்டா?

புதுச்சேரியிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்பது. உண்டு. பிரெஞ்சில் ‘ப்ராந்த்ர்’ என்ற வினை இதே வேலையைச் செய்கிறது. பஸ், போட்டோ, முடிவு, மருந்து எல்லாம் அதோடு சேரும். காபிகூடத் தயக்கமில்லாமல் சேரும். ஆனால் பிரெஞ்சில் தேர்வு எழுதுவதற்கு ‘பாஸே’ என்பார்கள். தேறிவிட்டான் என்று நினைத்து மிட்டாய் வாங்கிவிடாதீர்கள், எழுதினான் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று கவனித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் சளியை ‘எடுப்பதும்’ உண்டு. ஆங்கிலேயர்கள் சளியைப் ‘பிடிக்கிறார்கள்’, ‘கேட்ச் எ கோல்ட்’. தமிழிலும் பிடித்தல்தான், ஆனால் திசை தலைகீழ்: எனக்குச் சளி பிடித்திருக்கிறது. நாம் போய்ப் பிடிப்பதில்லை, அது வந்து நம்மைப் பிடிக்கிறது. மூன்று மொழியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

‘ஐ டிட் நாட் டுக்’ என்றுதான் வாயில் வருகிறது. எப்படித் திருத்துவது?

தமிழை வைத்தே திருத்தலாம். எடுக்கவில்லை என்பதைப் பிரித்துப் பாருங்கள்: எடுக்க, இல்லை. ‘எடுத்த இல்லை’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. நேற்று நடக்காததற்கும் ‘எடுக்க’தான், காலம் காட்டாத வடிவம். ஆங்கிலத்திலும் அதேதான். கடந்த காலத்தை ‘டிட்’ சுமந்துகொள்கிறது, ‘டேக்’ காலம் காட்டாமல் அப்படியே நிற்கிறது: ‘டிட் நாட் டேக்’. ‘டுக்’ தனியாக வரும்போது மட்டும்: ‘ஐ டுக்’. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘வாஸ்’ பக்கத்தில் இருந்தால் ‘டேக்கன்’. இதை என் வகுப்பில் விளக்கிய அன்று இரவே ஒருவர் எனக்கு நான்கு வாக்கியம் எழுதி அனுப்பினார், நான்கும் சரியாக இருந்தன.

‘டேக் பிளேஸ்’ என்றால் இடம் பிடிப்பதா?

நடைபெறுவது. மாசி மகத் தீர்த்தவாரி தேவனாம்பட்டினம் கடற்கரையில் ‘டேக்ஸ் பிளேஸ்’. அதில் கலந்துகொள்வது ‘டேக் பார்ட்’. விடைபெறும்போது ‘டேக் கேர்’, உடம்பைப் பார்த்துக்கொள். ஆனால் ‘டேக் கேர் ஆஃப்’ என்றால் இன்னொருவரைக் கவனித்துக்கொள்வது.

செய்தியில் ‘த ஸைக்ளோன் டுக் எவ்ரிதிங்’ என்று படித்தேன். புயல் எடுத்ததா?

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய காலையை நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. அப்போது ஒரு விவசாயி எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது: ‘எல்லாத்தையும் கொண்டுக்கிட்டுப் போயிடுச்சும்மா.’ அதுதான் அந்த ‘டுக்’. கொண்டு போனது. ‘எடுத்தது’ என்று மொழிபெயர்த்தால் அந்த மனிதரின் குரல் போய்விடும். ‘சுனாமி டுக் மெனி லைவ்ஸ்’ என்று வந்தால் பல உயிர்களைப் பறித்தது என்று எழுதுங்கள்.

இதையெல்லாம் எப்படிப் படிப்பது? பட்டியல் தருவீர்களா?

பட்டியல் தரமாட்டேன், கேட்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நாள் முழுக்கக் கண்ணிலும் காதிலும் படும் ‘டேக்’கை எழுதி வாருங்கள். மாத்திரை அட்டையில் இருக்கும், கம்பெனி நோட்டீஸில் இருக்கும், கிரிக்கெட் வர்ணனையில் ஓவருக்கு நான்கு முறை வரும். சொல்லை மட்டும் எழுதாமல், அதன் இரண்டு பக்கமும் நிற்கும் சொற்களோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். எதிரே, அந்த இடத்தில் உங்கள் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று தமிழில் எழுதுங்கள், அகராதித் தமிழ் வேண்டாம். மாத்திரை ‘போட்டியா’, ஒரு மணி நேரம் ‘ஆகும்’, கோயிலுக்குக் ‘கூட்டிட்டுப் போ’, ‘தாங்க முடியல’. பத்து நாளில் அந்த நோட்டில் ‘எடு’ என்ற சொல் எவ்வளவு குறைவாக வந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து எந்தச் சொல்?

‘கெட்’. பொங்கல் விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை ஆரம்பிக்கிறோம். அதே நோட்டைக் கொண்டு வாருங்கள், பின்பக்கத்திலிருந்து எழுதலாம்.